மார்புல ஆபரேஷன் ஆனவங்க நீலகிரில பைக் ஓட்டறது எப்படி

மார்பகப் புற்றுநோய் வந்துட்டா வண்டிய வித்துடணும்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும், நீங்க பாக்க வேண்டியது ஆபரேஷன் எந்தப் பக்கம்ங்கறத. இடதுன்னா கிளட்ச் கை, வலதுன்னா ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும். அக்குள்ல நெறிக்கட்டி, அதாவது நிணநீர் முடிச்சு, எடுத்திருந்தா அந்தக் கைல நீர் வடியற பாதை குறைஞ்சிருக்கும், கை வீங்க வாய்ப்பு உண்டு, அதனால சர்ஜனும் பிசியோவும் சரின்னு சொல்லாம வண்டிய தொடாதீங்க.

அவங்க சரின்னதும் நேரா ரோட்டுக்கு வேணாம், வீட்டு வாசல்லயே ஹேண்டில்பார ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, ஸ்டாண்ட்ல இருந்து இறக்குங்க, கிளட்ச பிடிச்சு பிடிச்சு விடுங்க. அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருந்தா இன்னும் நாள் ஆகணும்னு அர்த்தம், பிசியோகிட்ட காட்டுங்க. கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் போட்டு லிவர உங்க விரலுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணச் சொன்னாலே பாதி பாரம் போயிடும். கிளட்சே இல்லாத ஸ்கூட்டிக்கு மாறலாமேன்னு கேப்பாங்க, ஊருக்குள்ள ஓகே, ஆனா பர்லியார் வழியா மேட்டுப்பாளையம் இறங்கறப்ப அதுல கியர் போட்டு வேகத்த கட்டுப்படுத்த முடியாது, பிரேக்க மட்டுமே நம்பணும், பிரேக் சூடாகி பிடிக்காம போகும், அதனால என் ஓட்டு லைட்டான கியர் பைக்குக்குதான்.

கீமோ நடக்கறப்ப ஓட்டலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஊசி போட்டு சுமாரா 7ல இருந்து 14 நாள் வரைக்கும் ரத்தத்துல நோயை எதிர்க்கற வெள்ளை அணு இறங்கியிருக்கும், அப்ப காய்ச்சல் 100.4 தாண்டுனா உடனே ஆஸ்பத்திரி போகணும், ராத்திரில மலை இறங்கி கோயமுத்தூர் போறது சாதாரண வேலையா சொல்லுங்க, அந்த நாள்ல ரைடே வேணாம். பாக்லிடாக்சல் மாதிரி மருந்துல விரல் நுனி மரத்துப்போகும், பாக்கெட்டுக்குள்ள கை விட்டு ஒத்த ரூபா எது அஞ்சு ரூபா எதுன்னு தெரியலன்னா முன் பிரேக்க எவ்ளோ அழுத்தறோம்னும் தெரியாது. டமாக்சிபென்ங்கற ஹார்மோன் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரத்தம் உறையற ரிஸ்க் கொஞ்சம் கூட, மணிக்கணக்கா உக்காந்தே இருக்காம டீக்கடை வந்தா இறங்கி நடங்க, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா டாக்டர். ரேடியேஷன் பட்ட இடத்துல ஜாக்கெட் உராயாம உள்ள பழைய காட்டன் பனியன் போதும்.

ஆபரேஷன் பக்கம் கைக்கு கிளவுஸ் கட்டாயம், சின்ன முள் கீறல் கூட அந்தக் கைல சீழ் வைக்கலாம். தோள் பையும் அந்தப் பக்கம் வேணாம், சாமான வண்டில கட்டுங்க.

ரூட்டுக்கு வருவோம். முதல்ல கோத்தகிரி டு கோடநாடு, டீ எஸ்டேட் நடுவுல நிதானமா போகலாம். ஊட்டில இருந்து மசினகுடி போற கல்லட்டி ரோட்டோட 36 கொண்டை ஊசி வளைவையும் கடைசிக்கு வைங்க, வைக்காமலே விட்டாலும் ஒண்ணும் குறையாது. வெளியூர் வண்டிக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், பிளாஸ்டிக் பாட்டில் இங்க தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க.

இப்ப புற்றுநோய் வந்தவங்களுக்காக நிதி திரட்டற ரைடு. அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாசம், அதனால எல்லாரும் பிங்க் அக்டோபர்னு அந்த மாசத்துலயே வைக்கறாங்க, நமக்கு அப்பதான் வடகிழக்குப் பருவமழை, குன்னூர் ரோட்ல மண்ணும் மரமும் விழும். பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம், அத ஒட்டி வைங்க, ரோடு காஞ்சிருக்கும், ஊட்டில உறைபனி இருக்கும்ங்கறதால வெயில் வந்த பிறகு கிளம்பினா போதும். போலீஸ்ல முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடுங்க. டீசர்ட்டுக்கும் ஃபிளெக்ஸுக்குமே வசூல்ல பாதி போற ரைடு எனக்கு எரிச்சல், பெட்ரோல் அவங்கவங்க செலவு, வசூல் நேரா ஆஸ்பத்திரி கணக்குல ரசீதோட போகணும். எதுக்குன்னு குறிச்சுக் கொடுங்க. சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கு, ஆனா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கற அக்காவுக்கு ரேடியேஷனுக்கு வாரக்கணக்கா கீழ தங்கற செலவும் போன கூலியும் யார் தருவா, அங்கதான் நம்ம காசு நிக்கணும்.

ரைடு நிக்கற ஊர்ல ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸையும் கூப்பிடுங்க. 30 வயசுக்கு மேல உள்ள பொம்பளைங்களுக்கு மார்புப் பரிசோதனை அங்க இலவசம், ஹெல்மெட்ட கழட்டி வச்சுட்டு நீங்களும் பக்கத்துல உக்காந்தீங்கன்னா கட்டி இருக்கறத இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்தவங்க உங்ககிட்டதான் முதல்ல பேசுவாங்க, அப்ப பயமுறுத்தாம அவங்க பேரையும் போன் நம்பரையும் நர்ஸ் கைல சேர்த்துட்டு கிளம்புங்க.