கோடைக்காலக் கிராமத்தைத் தைல வண்ணத்தில் தீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் என்றவுடன் மஞ்சள் வண்ணக் குழாயைப் பிதுக்குவதே, கோடை நிலக்காட்சியைத் தீட்டத் தொடங்குவோர் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு. வைக்கோற்போரும் மஞ்சள், வண்டிப்பாதையும் மஞ்சள், வானத்தின் அடிவிளிம்பும் மஞ்சள் என்று கித்தான் (ஓவியம் தீட்டும் துணி) முழுவதும் அந்த நிறம் பரவியபின், படத்தில் அந்திச் சாயல் வருமே தவிர உச்சிப்பொழுதின் காந்தல் வராது. சித்திரை மாதத்தில் பகல் பதினொரு மணிக்கு ஒரு கண்மாய்க் கரையில் நின்று பாருங்கள். கண்ணைக் கூசச் செய்வது நிறம் அன்று, நிறங்கள் வெளிறிக் கிடக்கும் நிலையே என்பது விளங்கும்.

குழாயில் உள்ள எந்த வெள்ளையும் வெயிலின் பிரகாசத்தை எட்டாது. ஆகையால் ஓவியர் செய்யக்கூடியது ஒன்றுதான்: வெயில் படும் இடங்களை ஒரு தொகுதியாகவும் நிழல் படிந்த இடங்களை மற்றொரு தொகுதியாகவும் பிரித்து, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இறுதிவரை காத்துக்கொள்வது. சுண்ணாம்பு அடித்த சுவர் வெள்ளை என்று நாம் முன்பே அறிந்திருப்பதால், அதன் நிழற்பக்கத்தையும் வெள்ளையாகவே தீட்டிவிடுகிறோம். அந்தக் கணமே வெயில் படத்தை விட்டுப் போய்விடுகிறது. கண்ணை நன்றாக இடுக்கிக்கொண்டு பார்த்தால், அதே சுவரின் நிழற்பக்கம் எதிரே வெயிலில் கிடக்கும் மண்தரையைவிடவும் கருத்திருப்பது தெரியும்.

அடுத்த தவறு, நம் ஊர்க் கோடைக்கு வேற்றூர் நிழலைப் போடுவது. நிலக்காட்சி பற்றிய பயிற்சி நூல்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. தென் இங்கிலாந்தில் பகற்பொழுது மிக நீண்ட ஜூன் 21 அன்று, சூரியன் உச்சத்தில் இருக்கும்போதும் ஓர் ஆளின் நிழல் அவர் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். சென்னையிலோ ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. மதுரையில் அது ஏப்ரல் நடுப்பகுதியிலேயே நிகழ்கிறது. அப்போது பனைமரத்தின் நிழல் தூரைச் சுற்றி ஒரு வட்டமாகக் கிடக்குமே அன்றி, வரப்புகளைத் தாண்டி நீளாது. நீண்ட சாய்ந்த நிழல்களை வரைந்துவிட்டு அதற்கு ‘நண்பகல்’ என்று பெயரிட்ட படங்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதல் ஆண்டில் நானும் அப்படி ஒன்றைத் தீட்டி, அதைப் பெருமையுடன் சட்டமிட்டு மாட்டியதும் உண்டு.

இந்த உச்சி வெயிலில் ஒளி மேலிருந்து கொட்டுவதால், தரை, கூரை, குளத்துப் படிக்கட்டு, மாட்டின் முதுகு போன்ற கிடைமட்டப் பரப்புகளே மிகுந்த ஒளியைப் பெறுகின்றன. சுவர், மரத்தண்டு, மனித முகம் போன்ற நிமிர்ந்த பரப்புகளை ஒளி உரசிக்கொண்டு மட்டுமே செல்கிறது. இதைக் கவனியாமல் சுவர்களை வெளிச்சமாகவும் தரையை மங்கலாகவும் தீட்டினால், மற்றவை எல்லாம் சரியாக அமைந்தாலும் படம் காலைப்பொழுது போலவே தோன்றும். நீண்ட நிழல்தான் வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போ செல்ல வேண்டியதுதான்.

நிழலுக்குக் கறுப்பு வண்ணத்தைச் சேர்ப்பதும் பரவலாகக் காணப்படும் பழக்கம். வெட்டவெளி நிழல் முற்றிலும் ஒளியற்ற இடம் அன்று. மேல்நோக்கிய நிழற்பரப்பில் வானத்தின் நீலம் விழுகிறது. கீழ்நோக்கிய பரப்பில் தரையின் நிறம் எதிரொளிக்கிறது. தூத்துக்குடித் தேரிக்காடு போன்ற செம்மண் பகுதியில் ஓர் ஓலைக் கூரையின் இறவாணத்தை அண்ணாந்து பார்த்தால், அதன் அடிப்புறம் செம்மை கலந்து ஒளிர்வதைக் காணலாம். அல்ட்ராமரின் நீலத்துடன் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தைக் கலந்து, இடத்துக்கு ஏற்ப நீலத்தையோ செம்மையையோ கூட்டிக்கொண்டால் நிழல் உயிருடன் இருக்கும். கறுப்பைச் சேர்த்தால் கரி பூசியது போல் ஆகிவிடும்.

பச்சையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குழாயிலிருந்து எடுத்த ஒரே பச்சையை வேம்புக்கும் புங்கைக்கும் கருவேலத்துக்கும் பூசுவது, கோடைப் படத்தைக் காலண்டர் படமாக்கிவிடும். ஜான் கான்ஸ்டபிள் என்னும் ஆங்கில ஓவியர் 1821இல் காட்சிக்கு வைத்த ‘வைக்கோல் வண்டி’ என்னும் புகழ்பெற்ற கோடை ஓவியம், முதலில் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற பெயரிலேயே வைக்கப்பட்டது, இன்று அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. அவருடைய புல்வெளிகள் ஏன் அவ்வளவு உயிர்ப்புடன் இருக்கின்றன என்பதற்கு, அவை ஒரு பச்சையால் ஆனவை அல்ல, எண்ணற்ற பச்சைகளால் ஆனவை என்ற காரணத்தைப் பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தப் படத்தில் குதிரைகளின் சேணத்தில் கான்ஸ்டபிள் வைத்த சிறு சிவப்பு, சுற்றியுள்ள பச்சை முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. நம் கோடையில் புங்கை புதுத்தளிர் விட்டு மினுங்கும், வேம்பின் கொழுந்து செம்மை ஏறியிருக்கும், கருவேலம் தூசி படிந்து சாம்பல் தட்டிக் கிடக்கும். யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சள், அல்ட்ராமரின், சிறிது சிவப்பு ஆகியவற்றைக் கொண்டே இம்மூன்றையும் வேறுபடுத்திவிடலாம். தொலைவில் உள்ள மரவரிசையை அருகில் உள்ளதைப் போலவே கூரிய விளிம்புடன் தீட்டாதீர்கள். கானலும் புழுதியும் அதை வெளிறிய நீலச்சாம்பலாக மாற்றியிருக்கும்.

வெளியில் அமர்ந்து தீட்டுவோர் கித்தானை நேர் வெயிலில் வைத்துவிடுவது உண்டு. வெயிலில் எல்லா வண்ணமும் பளிச்சென்று தெரிவதால், கை தன்னையறியாமல் அடர்த்தியான வண்ணங்களையே கலக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கும்போது படம் இருண்டு கிடக்கும். கித்தானும் வண்ணத்தட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் தொடர்ந்தால் நிழல்கள் நகர்ந்து, படத்தின் இடப்பக்கம் காலையிலும் வலப்பக்கம் மதியத்திலும் நின்றுவிடும். சிறு அளவில் வெளியே குறிப்போவியம் தீட்டிக்கொண்டு, பெரிய படத்தை உள்ளே முடிப்பது நல்லது. ஏறத்தாழ ஆறடி அகலமுள்ள அந்த ‘வைக்கோல் வண்டி’யும் அப்படித்தான் லண்டன் ஓவிய அறையில் உருவானது.

பொருட்களைப் பொறுத்தவரை, தைல வண்ணம் காய்வது நீர் வற்றுவதைப் போன்றது அன்று. வண்ணப்பொடியைக் குழைத்திருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிப் படலமாகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அத்தன்மை இல்லை. அவசரத்துக்கு அதை ஊற்றிக் கலந்தவரின் படம் ஆண்டுக்கணக்கில் பிசுபிசுக்கும். கட்டடங்களுக்கு அடிக்கும் எனாமலையும் பெயிண்ட் கடைகளில் ‘ஆயில் பெயிண்ட்’ என்றே கேட்டு வாங்குகிறோம். பெயர் ஒற்றுமையால் அதைக் கித்தானில் பூச வேண்டாம். கித்தானுக்கு ஜெஸ்ஸோ என்னும் அடிப்பூச்சைப் பூசாமல் நேரடியாக எண்ணெய் வண்ணம் ஏற்றினால், எண்ணெய் நூலில் ஊறி நாளடைவில் துணியை நொறுங்கச் செய்யும்.

கீழ்ப்பூச்சில் டர்பன்டைன் என்னும் கரைப்பான் கூடுதலாகவும், மேலே செல்லச்செல்ல எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இந்த வரிசை மாறி, எண்ணெய் மிகுந்த கீழ்ப்பூச்சின் மேல் எண்ணெய் குறைந்த பூச்சு வந்தால், மேற்பரப்பு முதலில் காய்ந்து, அடிப்பகுதி பின்னர் அசையும்போது வெடித்துவிடும். வெடித்த குளத்துத் தரையைத் தீட்டுவது வேறு, ஓவியமே அவ்வாறு வெடிப்பது வேறு. விரைவில் காயட்டும் என்று தடித்த பூச்சுள்ள படத்தை மொட்டைமாடி வெயிலில் வைப்பதும் தவறு. மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும். காற்றோட்டமுள்ள வெளிச்சமான அறையே போதும். இருட்டறையில் பூட்டிவைத்தால் ஆளி விதை எண்ணெய் மஞ்சளடையும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பத்தால் அத்துணிகள் தாமாகவே தீப்பற்றக்கூடும். கோடையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்து மூடிய டப்பாவில் போட்டோ அகற்ற வேண்டும்.

மஞ்சளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண் வேண்டும். 1888 கோடையில் தென் பிரான்சின் ஆர்ல் நகரைச் சுற்றிய வயல்களைத் தீட்டிய டச்சு ஓவியர் வான்கோ மிகவும் விரும்பிப் பயன்படுத்திய குரோம் மஞ்சள், ஒளி பட்டுப் பழுப்பேறும் தன்மையுடையது. குழாயின் மேலுள்ள ஒளி தாங்கும் திறன் பற்றிய குறியைப் பார்த்து வாங்குவது நல்லது.

வார்னிஷ் பூசுவதில் காட்டும் அவசரம் பல நல்ல படங்களைக் கெடுத்திருக்கிறது. தொட்டுப்பார்த்தால் ஒட்டவில்லை என்பது உள்ளே இறுகிவிட்டது என்பதற்குச் சான்றன்று. மெல்லிய படத்துக்கு ஆறு மாதமும், தடித்த பூச்சுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் பொறுக்க வேண்டும். படம் முடிந்த தேதியைக் கித்தானின் பின்புறச் சட்டத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். இந்தச் சித்திரையில் தீட்டியதற்கு அடுத்த சித்திரையில் வார்னிஷ் பூசினால் போதும்.