மேசையைக் காலி செய்ய, முதலில் ஆளைத் தேடுங்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டிராயரைக் கவிழ்த்து, தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப உள்ளேயே அடுக்கிவிடுகிறோம். மேசை சுத்தமாகிறது, காலியாவதில்லை. 'யாருக்காவது கொடுக்கலாம்' என்று கட்டிவைத்த அட்டைப்பெட்டி கட்டிலுக்கடியில் வருஷக்கணக்கில் கிடப்பதற்குக் காரணம், அந்த 'யாராவது' யாரென்று முடிவு செய்யாததுதான்.

அதனால் பெட்டி கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர், தெருவில் டியூஷன் எடுப்பவர், குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப் என்று மூன்று இடம் போதும். என்ன வேண்டும், எந்த நாளில் வாங்கிக்கொள்வார்கள் என்பது தெரிந்தபின் டிராயரைத் திறங்கள். அக்டோபருக்கு முன் முடிப்பது நல்லது. மழை பிடித்துவிட்டால் சென்னையில் காகிதம் நமுத்துப்போகும், பெட்டியை வெளியே எடுத்துப்போகவும் முடியாது.

பேனாக்களை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பாருங்கள். எழுதாததைக் கொடுக்காதீர்கள். ஸ்டேப்ளர் என்றால் அதற்குரிய பின் பெட்டியும் கூடவே போகட்டும். சின்னதற்கு 10-ஆம் நம்பர், பெரியதற்கு 24/6. கால்குலேட்டரின் பேட்டரி மூடியைத் திறந்து, வெள்ளைப் பொடி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகத் தவறு நடப்பது சார்ஜரில்தான். பின் நுழைகிறது என்பதற்காக எந்த லேப்டாப்புக்கும் எந்த சார்ஜரையும் கொடுக்கக் கூடாது. அடியில் 'அவுட்புட்' என்ற வரியில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்பதுபோல அச்சிட்டிருக்கும். வோல்ட் லேப்டாப்பில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பார்த்ததை மாஸ்கிங் டேப்பில் எழுதி வயரிலேயே ஒட்டிவிடுங்கள்.

லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன் அது உங்களுடையதுதானா என்று பாருங்கள். அலுவலக ஸ்டிக்கர் இருந்தால் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தொட வேண்டாம். சொந்தமானது என்றால் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். விண்டோஸில் ரீசெட் செய்யும்போது 'ரிமூவ் எவ்ரிதிங்' மட்டும் போதாது. கோப்புகளை மீட்க முடியாதபடி டிரைவைத் துடைக்கும் 'கிளீன் டேட்டா'வையும் ஆன் செய்ய வேண்டும். ஆப்பிள் என்றால் தொலைந்த கருவியைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை'யை அணைக்காமல் கொடுத்தால் வாங்கியவருக்கு அது பூட்டிய பெட்டிதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு மாற முடியாத பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக 'லினக்ஸ் மின்ட்' என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் படிக்க, எழுதத் தாராளமாக உதவும்.

டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். இதுவும் ஓடாத எலெக்ட்ரானிக் சாமான்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். காயலான் கடைக்குப் போகும் வயர், செம்புக்காகக் கொளுத்தப்படலாம். அந்தப் புகை நச்சு.

புத்தகத்தில் வருஷம் முக்கியம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018-19 முதல் படிப்படியாக மாறியது. அதற்கு முந்தைய கைடுகள் பள்ளிக்கு உதவாது. மாறியபின் வந்த பாடநூல்களோ டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்குத் தங்கம். ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள்களை ஐம்பது ஐம்பதாகக் கிளிப் போட்டால் கணக்குப் போட ஆகும். ஆனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். ஆதார் ஜெராக்ஸ், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்தால் கிழித்துப் போடுங்கள். வியாபாரம் செய்பவர்கள் ஜிஎஸ்டி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கோ வாட்ச்மேன் அண்ணனுக்கோ கொடுப்பதானால், "அக்கா, இந்த டேபிள் ஃபேன் ஓடுது, மூணாம் ஸ்பீடு மட்டும் வேலை செய்யல. உங்களுக்கு வேணுமா?" என்று குறையைச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தீபாவளி போனஸுக்கு ஈடாக இதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

சொன்ன நாளில் பெட்டி போகவில்லையென்றால் அடுத்த நபருக்கு அன்றே போன் செய்யுங்கள்.