பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: ஆண்கள் ஒரு விதமாக, பெண்கள் வேறு விதமாகக் கோட்டைவிடும் இடங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் எப்போது, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் எப்போது என்று தேதி தவறாமல் சொல்லும் பெண்களிடம் பெருங்குடல் பரிசோதனையைப் பற்றிக் கேட்டால், "அது ஆண்களுக்கு வருவதல்லவா?" என்பவர்கள் உண்டு. ஆண்களைக் கேட்டால், "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பரிசோதனை இருவருக்கும் ஒன்றுதான். அதைத் தவறவிடும் வழிதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆண்களின் நோய் என்று நினைப்பது

உலக அளவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் 3-ஆம் இடத்தில் இருக்கிறது. உயிரிழப்பில் 2-ஆம் இடம். ஆண்களுக்குச் சற்று அதிகம் வருகிறது என்பது உண்மை. அந்த "சற்று" எவ்வளவு என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கணக்குப்படி வாழ்நாளில் ஏறத்தாழ 24 ஆண்களில் ஒருவருக்கு வருகிறது. பெண்களில் 26 பேரில் ஒருவருக்கு. இந்த வித்தியாசத்தை நம்பி யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

பெண்களுக்கு இந்த நோய் சில ஆண்டுகள் தள்ளி வருகிறது. ஆனால் அவர்கள் அதிக காலம் வாழ்வதால் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. தள்ளி வருகிறதே, பரிசோதனையையும் தள்ளிப்போடலாமே என்று தோன்றலாம். எந்த முக்கிய வழிகாட்டுதலும் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018-லும், அந்நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-லும் தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தபோது இருபாலருக்கும் சேர்த்தே குறைத்தன.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேட்டி கூரிக்கின் கணவர் 1998-ல் 42 வயதில் இந்த நோயால் இறந்தார். 2000-ல் கூரிக் தம் கொலனோஸ்கோபியை, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனையை, தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் செய்தார். அதற்கு முன் கொலனோஸ்கோபி செய்துகொண்டவர்களில் பெண்களின் பங்கு 43 சதவீதம், பின்னர் 47 சதவீதம் என்று ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. இது நமக்கும் உரியது என்று பெண்களுக்கு உறைக்க, ஒரு பெண் கேமரா முன் படுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு குழப்பம் இருபாலருக்கும் பொது. பாப் ஸ்மியரும் கருப்பை ஸ்கேனும் பெருங்குடலைப் பற்றி ஒன்றும் சொல்லா. அதேபோல, புராஸ்டேட்டுக்காக மருத்துவர் விரலால் சோதிப்பதையும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையையும் குடலுக்கும் சேர்த்துச் செய்ததாக ஆண்கள் எண்ணிக்கொள்ளக் கூடாது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலில் விரலுக்கு எட்டுவது கடைசிச் சில சென்டிமீட்டர் மட்டுமே.

ரத்தசோகைக்கு மாத்திரை எழுதி முடித்துவிடுவது

என் பார்வையில் பெண்கள் விஷயத்தில் மிகவும் விலை கொடுக்கவைக்கும் தவறு இதுதான். இதில் பாதிப் பொறுப்பு மருத்துவத்துறையுடையது.

பெண்களுக்கு வரும் பெருங்குடல் கட்டிகள், ஆண்களோடு ஒப்பிட்டால், வலப்பக்கக் குடலில் அதிகம் தோன்றுகின்றன. அந்தப் பகுதி அகலமானது. அங்கே மலம் இன்னும் நீர்ப்பதமாக இருக்கும். கட்டி வளர்ந்தாலும் அடைப்பு ஏற்பட நாளாகும். ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, ரத்தப் பரிசோதனையில் குறைந்துபோன ஹீமோகுளோபின். பெண் என்றதும் காரணம் மாதவிலக்கு என்று முடிவாகிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை எழுதப்படுகிறது. மூன்று மாதத்தில் அளவு கொஞ்சம் ஏறுகிறது, மாத்திரையை நிறுத்தியதும் மறுபடி இறங்குகிறது. மறுபடியும் அதே மாத்திரை.

மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அவருக்கோ ஓர் ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைபாட்டால் ரத்தசோகை வந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் எண்டோஸ்கோபியால் (கேமரா பொருத்திய குழாயால்) பார்க்க வேண்டும் என்று அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2020-ல் பரிந்துரைத்தது. மாதவிலக்கு வரும் வயதினருக்கும் வேறு காரணம் பிடிபடாவிட்டால் அதைப் பரிசீலிக்கலாம் என்றது. மாத்திரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ரத்தம் எங்கே போகிறது என்று கேட்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவதுதான் தவறு.

ஆண்களின் சாக்கு வேறு: மூலம். மலத்தில் சிவப்பாக ரத்தம் தெரிந்தாலும், "பழைய மூலம்தான்" என்று களிம்பு வாங்கி வந்துவிடுவார்கள். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை.

நெகட்டிவ் என்ற சொல்லை நிரந்தரமாக நம்புவது

வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் 'ஃபிட்' மலப் பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை அளக்கிறது. ஒரு கிராம் மலத்தில் இத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்று ஓர் எல்லை வைத்து, அதற்கு மேல் பாசிட்டிவ், கீழே நெகட்டிவ் என்கிறார்கள். பொதுவாகப் பெண்களின் மலத்தில் இந்த அளவு ஆண்களைவிடக் குறைவு. ஒரே எல்லையை இருவருக்கும் வைத்தால் பெண்களின் கட்டிகள் அதிகமாக நழுவக்கூடும். இரண்டு சுற்றுப் பரிசோதனைகளுக்கு நடுவே வெளிப்படும் புற்றுநோய்கள் அவர்களிடம் கூடுதலாக இருப்பதைப் பல திட்டங்கள் கண்டிருக்கின்றன. பின்லாந்தில் இதனால்தான் பெண்களுக்கு 25, ஆண்களுக்கு 70 மைக்ரோகிராம் என்று தனித்தனி எல்லை வைத்தார்கள். சுவீடனின் ஸ்டாக்ஹோம் பகுதியில் 40, 80 என்று வைத்தார்கள். பெரும்பாலான இடங்களில் இன்னும் ஒரே எல்லைதான்.

இதைப் படித்துவிட்டு ஃபிட் பரிசோதனை பயனற்றது என்று முடிவு கட்ட வேண்டாம். நெகட்டிவ் என்றால் இந்தமுறை எல்லையைத் தாண்டவில்லை என்று மட்டுமே பொருள். அதனால்தான் நாட்டுக்கேற்ப ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். இடையில் ரத்தமோ, மலம் கழிக்கும் முறையில் மாற்றமோ தெரிந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதவிலக்கு நாட்களில் மாதிரி எடுக்கக் கூடாது; அது நின்றபின் எடுக்க வேண்டும். மூலத்தில் ரத்தம் வடியும்போதும் அப்படித்தான். இறைச்சியை நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு பழைய மலப் பரிசோதனை முறைக்கு உரியது, இதற்குத் தேவையில்லை.

இந்தப் பரிசோதனையில் பல நாடுகளில் பெண்களே அதிகம் பங்கேற்கிறார்கள். ஆண்களுக்கு வந்த மாதிரி எடுக்கும் பெட்டி மேசை இழுப்பறையில் காலாவதியாகிறது. பாசிட்டிவ் வந்தாலோ, "இன்னொரு தடவை செய்து பார்ப்போம்" என்பார்கள். பாசிட்டிவ் வந்தபின் செய்ய வேண்டியது கொலனோஸ்கோபி மட்டுமே. அதைப் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றுநோயும், முற்றிய நிலைப் புற்றுநோயும் அதிகமாக இருந்ததை 2017-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

பாதிக் குடலைப் பார்த்துவிட்டு முழுவதும் பார்த்ததாக எண்ணுவது

சிக்மாய்டோஸ்கோபி என்ற கேமராக் குழாய்ப் பரிசோதனை குடலின் இடப்பக்கக் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கிறது. நார்வேயில் நடந்த பெரிய ஆய்வின் நீண்டகால முடிவுகள் 2018-ல் வந்தன. ஆண்களிடம் நோய் வருவதும் இறப்பும் குறைந்திருந்தன. பெண்களிடம் பலன் ஏறக்குறைய இல்லை. வலப்பக்கக் கட்டிகள் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன. எனவே "எனக்கு ஸ்கோப் பார்த்தாயிற்று" என்று சொல்லும் பெண், எந்த ஸ்கோப் என்று தம் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கொலனோஸ்கோபிக்கு முன் சொல்லாமல் விடுவது

உடல் சிறியதாக இருந்தாலும் பெண்களின் பெருங்குடல் சராசரியாகச் சற்று நீளம். அதன் நடுப்பகுதி இடுப்புக்குழிக்குள் தொங்கி வளைவதும் உண்டு. கருப்பை அகற்றியவர்களுக்குக் குடல் அருகிலுள்ள திசுக்களோடு ஒட்டியிருக்கலாம். குழாய் போகச் சிரமம், வலி, சில நேரம் பாதியில் நிறுத்தம் என்பதெல்லாம் இதனால்தான். பழைய அறுவைச் சிகிச்சையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மெல்லிய குழாய், காற்றுக்குப் பதில் நீர் செலுத்தும் முறை, போதிய மயக்க மருந்து என்று மருத்துவர் தயாராக இருப்பார். முடிந்தபின், குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை சென்றதா என்று கேளுங்கள். செல்லவில்லையென்றால் பரிசோதனை முடியவில்லை. சிடி கொலனோகிராபி (சிடி ஸ்கேன் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது) போன்ற மாற்று உண்டு.

பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று விரும்புவதில் கூச்சப்பட ஏதுமில்லை. நேரம் வாங்கும்போதே கேளுங்கள். கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கொலனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தப்படுத்தக் குடிக்கும் மருந்தில் சறுக்குபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சுத்தம் போதாமல் போவதை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்களில் ஆணாக இருப்பதும் ஒன்றென்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இரவுப் பங்கைக் குடித்துவிட்டு, விடிகாலைப் பங்கைப் "போதும்" என்று கொட்டிவிடக் கூடாது. வயதான பெண்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையும் அபாயம் இருப்பதால், வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிக்காமல் மருத்துவமனை சொன்ன திரவங்களைக் குடிக்க வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் பேதியால் அதன் பலன் குறையலாம் என்பதால் அந்த நாட்களுக்கு மாற்றுத் தடுப்பு முறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்ப வரலாற்றில் தாய்வழியை விட்டுவிடுவது

குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லும் ஆணுக்கு, பெரியம்மாவின் கருப்பைப் புற்றுநோய் நினைவுக்கு வருவதில்லை. லிஞ்ச் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு பெருங்குடல் புற்றுநோய், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இரண்டின் அபாயத்தையும் உயர்த்துகிறது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் தலா 50 சதவீத வாய்ப்பு. இவர்களில் பலருக்கு 20 முதல் 25 வயதிலேயே கொலனோஸ்கோபி தொடங்கப்படுகிறது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தொடர்கிறது.

லிஞ்ச் இல்லாமலும் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்கு முன் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் 45 வரை காத்திருக்கக் கூடாது. 40 வயது, அல்லது உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதிலிருந்து 10 ஆண்டு முன்பு, இவற்றில் எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். அம்மாவுக்கு 46 வயதில் கண்டறியப்பட்டிருந்தால் மகளுக்கு 36-ல், மகனுக்கும் 36-ல்தான்.