பெட்ரோல் விலை ஏறினாலும் டிசம்பரில் கூடாரம் போடலாம்: டர்பன் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் விலை மாதம் ஒருமுறை, முதல் புதன்கிழமை அன்றுதான் மாறுகிறது. கச்சா எண்ணெய் விலையும் நம் ராண்ட் நாணயத்தின் மதிப்பும் இடையில் எப்படி ஆடினாலும், அடுத்த மாதத்து முதல் புதன்வரை அந்த விலை அசையாது. கூடாரம் போடப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பள்ளிகள் மூடும்போது டிசம்பர் விலை நமக்குத் தெரிந்திருக்கும். ஜனவரி முதல் புதனுக்குள் திரும்பிவிட்டால் பயணம் முழுவதற்கும் ஒரே விலைதான். எனவே "இந்த வருடம் எங்கும் வேண்டாம்" என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் குடும்பத்தின் விடுமுறைக் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. 2022 ஜூலையில் கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் உள்நாட்டுப் பகுதிகளில் 95 ரகப் பெட்ரோல் லிட்டர் 26.74 ராண்டுக்குப் போனபோது பல உறவினர்கள் கைவிரித்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் போக வழி இருக்கிறது என்பதை அப்போதிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் லிட்டரைக் கணக்கிடுங்கள். நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காரில் ஐந்து பேரும் கூடாரமும் பானை சட்டியும் ஏறி மலைச்சாலையில் போனால் 9 லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. டிராக்கன்ஸ்பர்க் மலையில் ராயல் நட்டால் பூங்காவின் மஹாய் முகாம் டர்பனிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். போக வர 45 லிட்டர். லிட்டர் 24 ராண்ட் என்றால் 1,080 ராண்ட். ஹோவிக் அருகே மிட்மார் அணைக்கு ஒரு வழி சுமார் 110 கிலோமீட்டர். அங்கே போய் வர 20 லிட்டர், 480 ராண்ட். தெற்குக் கடற்கரையில் ஸ்காட்பர்க் என்றால் 11 லிட்டர் போதும். இந்த மூன்று எண்களையும் குடும்பத்தார் முன்னால் வையுங்கள். வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

மலை, அங்கிருந்து வடக்குக் கடற்கரையில் செயின்ட் லூசியா, பிறகு சோட்வானா விரிகுடா என்று ஒரே விடுமுறையில் சுற்றும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. ஓர் இடத்தில் கூடாரம் அடித்து அங்கேயே கூடுதல் இரவுகள் தங்குங்கள். மிட்மாரில் தங்கினால் 95 மீட்டர் உயரமுள்ள ஹோவிக் அருவியும், 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. மண்டேலா நினைவாக அங்கே சாலையோரத்தில் எழுப்பப்பட்டிருக்கும் எஃகுத் தூண்கள் ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது மட்டும் அவர் முகமாகத் தெரியும். நம் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் வளரக் கூடாது.

பெட்ரோல் நம் கண்ணில் படாமல் கரைவது முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். மஹாயிலிருந்து பெர்க்வில் கடைகளுக்குப் போய் வந்தால் 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஐஸ் தீர்ந்தது, ரொட்டி தீர்ந்தது, கொத்தமல்லி மறந்துபோயிற்று என்று மூன்று முறை போனால், டர்பனுக்குத் திரும்பும் பெட்ரோல் அங்கேயே காலி. எனவே சமையலைத் திட்டமிடுங்கள். மட்டன் கறியையும் சாம்பாரையும் வீட்டிலேயே சமைத்து, டப்பாக்களில் அடைத்து, கல்லாக உறைய வைத்துக் குளிர்பெட்டியின் அடியில் அடுக்குங்கள். முதல் இரண்டு நாட்களுக்கு அவையே ஐஸ். மூன்றாம் நாளிலிருந்து பருப்பு, உருளைக்கிழங்கு, டின் மீன், ரொட்டி மாவு. மசாலாவை வீட்டிலேயே அளந்து தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். என் மாமியார் கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருவார். அது வாரம் முழுவதும் வாடாது.

கிளம்புவதற்கு முன் டர்பனிலேயே டேங்கை நிரப்புங்கள். கடற்கரையைவிட உள்நாட்டில் லிட்டருக்கு 70 சென்டுக்கு மேல் கூடுதல். துறைமுகத்திலிருந்து எரிபொருளைக் கொண்டுபோகும் செலவு அது. பெட்ரோலின் சில்லறை விலையை அரசே நிர்ணயிப்பதால் ஒரே மண்டலத்தில் நிலையம் நிலையமாகத் தேடி அலைவது வீண். டீசலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. டீசலில் ஓடும் பக்கி (பின்னால் சரக்கேற்றும் சிறு வண்டி) வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது பயன் தரும். பெட்ரோலைக் கேனில் பிடித்துக் காருக்குள் வைக்க வேண்டாம். டிசம்பர் வெயிலில் அது ஆபத்து.

நிலையத்துப் பணியாளரிடம் டயர் காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சுமைக்குரிய அழுத்தம் கார் கையேட்டில் இருக்கும். அவருக்கு நல்ல டிப்ஸ் கொடுங்கள். நாம் விடுமுறைக்குப் போகும் நாளில் அவர் வெயிலில் நிற்கிறார்.

கூரைமேல் மூட்டை கட்டாதீர்கள், முடிந்தவரை எல்லாம் காருக்குள் இருக்கட்டும். டர்பனிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகலாம் என்றாலும் 100-இல் போங்கள். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதைவிட அதிகமாகக் கூடும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் எஞ்சினை உறுமவிட்டு நிற்க வேண்டியிருக்காது. மலையில் பிற்பகல் இடிமழை தொடங்குவதற்குள் கூடாரமும் அடித்துவிடலாம். மூய் ரிவர் சுங்கத்தை மிச்சப்படுத்தப் பழைய ஆர்103 சாலையில் இறங்குவதை நான் ஆதரிக்கவில்லை. அங்கே ஒரு குழியில் டயர் போனால் மிச்சப்படுத்தியதைப்போல் பல மடங்கு செலவு.

இரண்டு கார்களில் வருகிறவர்கள் ஒரே காரில் அடங்குவார்களா என்று முதலில் பாருங்கள். பிறகு பணப்பேச்சு. காரை எடுத்து வருபவர் தலையில் பெட்ரோல் செலவு முழுவதையும் கட்டுவது நம் குடும்பங்களில் சகஜம். கொழுந்தனாரோ மச்சானோ வாய்விட்டுக் கேட்கமாட்டார், மனதுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் வராமல் இருந்துவிடுவார். பெட்ரோலையும் சுங்கத்தையும் கூட்டி, சம்பாதிப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். தாத்தா, ஆயா, படிக்கும் பிள்ளைகள் ஆகியோரிடம் வாங்க வேண்டாம். வேலை இழந்தவர் யாராவது இருந்தால் அவர் பங்கை மற்றவர்கள் பேசாமல் ஏற்றுக்கொள்ளுங்கள், அவர் காதுபடக் கணக்குப் படிக்காதீர்கள்.