கவுண்ட்டி அணியின் பழைய முடிவுகளைத் தொகுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் கவுண்ட்டி (மாவட்ட) கிரிக்கெட் பதிவுகளில் இறங்கும் எல்லோரும் ஒரே வேலையில்தான் கை வைக்கிறார்கள்: ஓர் அணியை எடுத்துக்கொண்டு, எதிரணி வாரியாக வெற்றி, தோல்வி, டிரா என்று பட்டியல் போடுவது. எண்ணைத் தப்பாகத் தட்டுவது, ஒரே ஆட்டத்தை இரண்டு முறை ஏற்றுவது போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவை கூட்டிப் பார்த்தாலே மாட்டிவிடும். கூட்டினாலும் மாட்டாத தவறுகள்தான் ஆளைக் கொல்லும். உதாரணத்துக்கு சாமர்செட்டை எடுத்துக்கொள்கிறேன். இருக்கிற எல்லாச் சிக்கலும் அந்த ஓர் அணியிடமே உண்டு.

சாம்பியன்ஷிப்பும் முதல்தரமும் ஒன்று என்று நினைப்பது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

சாமர்செட் கிளப் உருவானது 1875இல், அதுவும் பக்கத்து டெவனில் உள்ள சிட்மத்தில். அதன் ஆட்டங்களுக்கு முதல்தர மதிப்பு, அதாவது உயர்மட்டப் பல நாள் ஆட்டம் (first-class) என்ற அங்கீகாரம், 1882இலிருந்து. 1885 பருவத்தோடு அந்த மதிப்பு போய்விட்டது. 1891இல் கவுண்ட்டி சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தபோதுதான் திரும்பக் கிடைத்தது. ஆக, "பட்டியல் எந்த ஆண்டிலிருந்து?" என்று கேட்டால் மூன்று பதில்கள் உண்டு, மூன்றும் சரிதான். ஒரே பட்டியலில் மூன்றையும் கலப்பதுதான் தவறு.

1890ஐப் பாருங்கள். அந்த ஆண்டு சாமர்செட் மற்ற கவுண்ட்டிகளோடு 13 ஆட்டங்கள் ஆடி 12இல் வென்றது, மிடில்செக்ஸுடனான ஆட்டம் டை ஆனது. மிடில்செக்ஸ் அதே ஆண்டு அதிகாரபூர்வ சாம்பியன்ஷிப்பில் ஆடிய அணி. புதியவர் கண்ணில் இது பட்டதும் மிடில்செக்ஸ் வரிசையில் ஒரு டை ஏறிவிடும். ஆட்டம் நடந்தது உண்மை, டை ஆனதும் உண்மை. ஆனால் சாமர்செட்டுக்கு அப்போது முதல்தர மதிப்பு இல்லை. சாம்பியன்ஷிப், முதல்தரம் என்ற இரண்டு பட்டியலிலும் அதற்கு இடம் கிடையாது.

இது பழங்காலத்துச் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொரோனா வந்த 2020இல் சாம்பியன்ஷிப் நடக்கவில்லை, பாப் வில்லிஸ் டிராஃபி நடந்தது. அதன் ஆட்டங்கள் முதல்தரம், ஆனால் சாம்பியன்ஷிப் அல்ல. கிளாமர்கன் 2006 முதல் 2025 வரை இரண்டாம் பிரிவில் கிடந்தது. சாமர்செட் 2008 முதல் முதல் பிரிவில். நடுவில் 2021இல் குழுமுறை வந்தபோதும் வேறு வேறு குழு. அதனால் பிரிஸ்டல் கடலிடுக்குக்கு இருபுறமும் இருக்கும் இந்த இரண்டு அணிகளும் 2008 முதல் 2025 வரை சாம்பியன்ஷிப்பில் மோதவே இல்லை. ஆனால் 2020இல் தன் சொந்த மைதானமான டான்டனில் சாமர்செட் கிளாமர்கனை வென்றிருக்கிறது. அந்த வெற்றியை எங்கே எழுதுவீர்கள்?

ஓர் இளைஞர் தன் தாளை எனக்கு அனுப்பியிருந்தார். சர்ரே வரிசை 1882இலிருந்து, எசெக்ஸ் வரிசை 1895இலிருந்து, பாப் வில்லிஸ் ஆட்டங்கள் சில அணிகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. கையில் கிடைத்த புத்தகம் எதுவோ அதன்படி எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். மொத்த எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது, ஆட்டங்களின் விவரம் இல்லை. "அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்னு இருந்தேன்" என்றார். மொத்தத்திலிருந்து எதைப் பிரிப்பது? முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆட்டத்துக்கு ஒரு வரி போடுங்கள். தேதி, மைதானம், போட்டியின் பெயர், முதல்தரமா இல்லையா, முடிவு: இவ்வளவும் தனித்தனி நிரலில் வேண்டும். அலுப்பான வேலைதான். கூட்டலைக் கணினி செய்துகொள்ளும், எந்த வரையறை வேண்டுமோ அதன்படி.

கோப்பையைப் பார்த்து முடிவை எழுதுவது

அதே 2020இல் லார்ட்ஸில் நடந்த பாப் வில்லிஸ் இறுதி ஆட்டத்தில் சாமர்செட்டை எதிர்த்து ஆடிய எசெக்ஸ் கோப்பையைத் தூக்கியது, முதல் இன்னிங்ஸ் முன்னிலையால். ரஞ்சி பார்த்து வளர்ந்த நமக்கு இது பழகிய விஷயம். அதனாலேயே நம் ஆட்கள் இதை எசெக்ஸ் வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். ஆட்டம் டிரா.

இதற்கு நேர்மாறானது 1979 வூஸ்டர் ஆட்டம். பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் என்ற ஒருநாள் கோப்பையில், புள்ளிகள் சமமானால் அடுத்த சுற்றுக்கு யார் என்று முடிவு செய்யும் பந்துவீச்சு ஸ்டிரைக் ரேட்டைக் காப்பாற்ற, சாமர்செட் தலைவர் பிரையன் ரோஸ் ஒரே ஓவரில், விக்கெட் இழக்காமல் ஒரு ரன் என்ற நிலையில் டிக்ளேர் செய்தார். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களை ஆட்டமே காட்டாமல் அனுப்பி வைத்த அழகான திட்டம்! சாமர்செட்டைப் போட்டியிலிருந்தே வெளியேற்றினார்கள். வெளியேற்றினாலும் ஆட்டம் ஆட்டம்தான்: வூஸ்டர்ஷயருக்குப் பத்து விக்கெட் வெற்றி.

டையும் டிராவும்

1919, டான்டன், சசெக்ஸுக்கு எதிராக. ஸ்கோர் சமம், ஒரு விக்கெட் பாக்கி. வாத வலியால் அவதிப்பட்ட சசெக்ஸின் கடைசி ஆட்டக்காரர் ஹெய்கேட் நேரத்துக்குள் களத்துக்கு வரவில்லை என்று நடுவர் அவுட் கொடுத்தார். பஞ்சாயத்து, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்சிசி வரை போனது, முடிவு டை என்றே நின்றது. 1948க்கு முன்னால் விக்கெட் கையில் இருந்தாலும் ஸ்கோர் சமமாக முடிந்தால் டைதான். அதற்குப் பின் டை ஆக, கடைசியாக பேட் செய்த அணி முழுவதும் அவுட் ஆகியிருக்க வேண்டும். இன்றைய விதியை வைத்துப் பழைய முடிவுகளைத் திருத்தாதீர்கள்.

ஒரு பந்துகூட வீசாத ஆட்டம்

டிரா அல்ல. முதல்தரக் கணக்கிலேயே சேராது.

டர்ஹாம்

சாம்பியன்ஷிப்பில் 1992 முதல். ஒருநாள் ஆட்டங்களில் அதற்கு முன்பே உண்டு. 1973இல் முதல்தர மதிப்பில்லாத சிறு கவுண்ட்டியாக இருந்தபோதே யார்க்ஷயரைத் தோற்கடித்த அணி அது.

டி20

தனித் தாள்.

மொத்தத்துக்கும் ஒரே சதவீதம் போடுவது

1919இல் ஆட்டங்கள் இரண்டு நாள். பிறகு வெகுகாலம் மூன்று நாள். 1993 முதல் எல்லாமே நான்கு நாள். நாள் கூடினால் முடிவு கிடைக்கும் வாய்ப்பும் கூடும். 1953இல் பாத் நகரில் லங்காஷயரிடம் ஒரே நாளில் சுருண்ட ஆட்டம் போன்ற விதிவிலக்குகள் உண்டுதான் (பாவம், அது சாமர்செட் வீரர் பெர்ட்டி பியூஸுக்குப் பணம் திரட்ட நடந்த நிதி ஆட்டம்). நான் 1993இல் ஒரு கோடு போட்டு இரண்டு சதவீதம் கொடுப்பேன். இன்னொருவர் 2000இல், இரண்டு பிரிவுகள் வந்த இடத்தில் கோடு போடலாம். எங்கே போட்டாலும் அதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.