பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர், மூன்று சொல்

பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பாதி நேரம் பேச்சிலேயே போய்விடும். போகட்டும். ஆனால் பிரேக் லைனில், அதாவது பிரேக் ஆயில் ஓடும் குழாயில், சிக்கிய காற்றை வெளியே எடுக்கும் வேலையை அந்தக் கூட்டம் கலைவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். தனியாளுக்கு அது பெரிய இம்சை.

ஒருவர் பெடலில், இன்னொருவர் சக்கரத்தடியில். முகம் தெரியாது. அதனால் சொற்களை முதலிலேயே பேசி வையுங்கள். "மிதி" என்றால் மெதுவாக மிதித்து அப்படியே பிடித்திருக்க வேண்டும். "மிதிச்சாச்சு" என்று குரல் வந்த பிறகே நிப்பிளை, அதாவது சக்கரத்துப் பிரேக்கில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகை, திறப்பது. பெடல் இறங்கி முடிவதற்குள் நிப்பிளை இறுக்கிவிட்டு, "விடு". என் நண்பன் எல்லாவற்றுக்கும் "ம்" என்பான். அதை நம்பித் திறந்தேன், அவன் காலை எடுத்துவிட்டான். வெளியே போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே!

நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை, பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கியிருக்கட்டும். குமிழி நிற்கிறதா என்று அதில் தெரியும். மூன்றாவது ஆள் இருந்தால் பிரேக் ஆயில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவுக்குக் காவல் வையுங்கள். அது வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. பல கார்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். மேனுவல் வேறு சொன்னால் அதன்படி. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், திறந்து கிடந்த பாட்டில் வேண்டாம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். துடைத்தால் தீற்றிக்கொண்டு போகும்.