காற்று பிடித்துவிட்டால் டயர் சரியாகிவிடுமா?

காலையில் பார்த்தால் ஒரு டயர் அமுங்கியிருக்கிறது. மெதுவாக பங்க் வரை ஓட்டிப்போய்க் காற்று பிடிக்கிறோம். டேஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு அணைகிறது. வேலை முடிந்தது என்று ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறோம். கார் டயர் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான். போன காற்றைத் திரும்ப அடைத்துவிடலாம். காற்றில்லாமல் ஓடியபோது உள்ளே அறுந்த இழைகள் அறுந்தவைதான்.

சாலையில் உருளும் பரப்புக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. பக்கச்சுவரில் அவை கிடையாது. அங்கே இருப்பது ரப்பரும் பாலியெஸ்டர் போன்ற நூலிழை அடுக்கும்தான். வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. அது குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் டயர் விநாடிக்கு ஏறத்தாழ 15 முறை சுற்றுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சூடாகுமே, அந்தச் சூடுதான் இங்கேயும். சூடு ஏற ஏற ரப்பர் இழையை விட்டுப் பிரிகிறது.

இது புரிந்தால் இன்னொரு தவறும் விளங்கும். “வெயில் காலம், காற்று விரியும், ரெண்டு மூணு பாயின்ட் குறைச்சே வை” என்று கோடையில் பங்க்கில் அடிக்கடி கேட்கலாம். மே மாதம் திருச்சி சாலையில் கார் டயர் வெடித்தால் காற்று அதிகமானதுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறானது: காற்று குறைவாக இருந்ததால்தான் டயர் அவ்வளவு சூடானது, அல்லது ஏற்கெனவே அடிபட்ட இடம் அந்தச் சூட்டில் விட்டுக்கொடுத்தது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ (பங்க்கில் ‘பாயின்ட்’ என்று சொல்லும் அதே அளவு) ஏறும். நீண்ட ஓட்டத்தில் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் செய்யும். கம்பெனி அளவு இதையும் கணக்கில் வைத்தே போடப்பட்டது. சூடான டயரில் காற்றைக் கழற்றிவிட்டால், மறுநாள் காலை ஆறிய பிறகு அது குறைகாற்று டயர்.

அந்தக் கம்பெனி அளவு எங்கே இருக்கிறது? டயரின் பக்கத்தில் 44 என்றோ 51 என்றோ பொறித்திருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. உங்கள் காருக்கு வேண்டிய அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். ஆள் குறைவாகப் போகும்போது ஓர் அளவு, முழுப் பாரத்துக்கு இன்னொன்று என்று பெரும்பாலும் இரண்டு இருக்கும். “எவ்வளவு சார்?” என்று கேட்டதும் “நாலுக்கும் 35 வெச்சிடுப்பா” என்று சொல்லிவிடுகிறோம். பொங்கலுக்கு ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஊருக்குப் போகும்போது பின் டயருக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். ஸ்டிக்கரைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயருக்கான அளவு. அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. பங்க் தூரமாக இருந்தால் சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வாங்கி வீட்டிலேயே அளந்துவிடுங்கள். 4 குறைகிறது என்றால், பங்க்கில் போய் நின்றதும் அதே கேஜ் எவ்வளவு காட்டுகிறதோ அதோடு 4 சேர்த்துப் பிடித்தால் சரி. பங்க் மீட்டர் நாள் முழுக்கத் தரையில் இழுபட்டுக் கிடப்பது. அதை மட்டுமே நம்பக் கூடாது. காலால் உதைத்துப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. ரேடியல் டயரின் அடிப்பாகம் சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். 33 இருக்க வேண்டிய இடத்தில் 26 இருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது.

டயர் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு போட்டு எச்சரிக்கும் டிபிஎம்எஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது அழுத்தம் 25 சதவீதம் குறைந்தபோது, ஐரோப்பாவில் 20 சதவீதம். 33 பிஎஸ்ஐ டயரில் 25 சதவீதக் கணக்கு என்றால் 25-க்கு வந்த பிறகுதான் விளக்கு. அதற்குள் 28-லும் 27-லும் எத்தனை நாள் ஓடியிருப்போம்? சில கார்களில் டயருக்குள் சென்சாரே இருக்காது. ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பின் வழியாகச் சக்கரங்களின் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு, ஒன்று மட்டும் மாறுபட்டால் சொல்லும். நாலிலும் ஒரே மாதிரி காற்று இறங்கினால் அதற்குத் தெரியாமல் போகலாம். இந்த வகைக் காரில் விளக்கு எரிந்ததும் அளக்காமல் ரீசெட் பட்டனை அழுத்துவது பெரிய தவறு. குறைந்த அழுத்தத்தையே சரியான அளவாக அது எடுத்துக்கொள்ளும். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார் வாங்கியிருந்தால், மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதன் வாஷர் சரியாக உட்காராவிட்டால் அதன் வழியாகவே காற்று கசியும்.

இனி மறைந்திருக்கும் அடி. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளம் ஆழம் தெரியாது. வேகமாக இறங்கும்போது பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கி உள்ளிழைகள் அறுபடும். வெளி ரப்பரில் கீறல்கூட இருக்காது. உடனேயோ, பல நாள் கழித்தோ, அந்த இடம் புடைத்து வரும். அது வண்டியின் அடிப்பக்கம் பார்த்த சுவரில் வந்தால் யார் கண்ணிலும் படாது. வாட்டர் வாஷ் செய்து டயருக்குப் பாலிஷ் போட்டு வாங்கும்போதும் நாம் பார்ப்பது வெளிப்பக்கத்தை மட்டும்தான்.

சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு எஞ்சினை அணைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஒரு முன் டயரின் உள்சுவர் நன்றாகத் தெரியும்; மறுபக்கம் திருப்பினால் மற்றது. பின் டயருக்கு போனை உள்ளே நீட்டி வீடியோ எடுத்தால் போதும். தரையில் பதிந்த பகுதி விட்டுப்போகும் என்பதால் வண்டியைக் கொஞ்சம் உருட்டி மறுபடி பார்க்க வேண்டும். ஆறிய டயரில் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுங்கள். கம்பி துருத்தியிருக்கலாம், அவசரம் வேண்டாம். ரிம்மிலிருந்து பட்டன் (சாலையில் உருளும் பரப்பு) பக்கமாக ஓடும் லேசான குழி பெரும்பாலும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்த இடம், பயப்பட ஒன்றுமில்லை. வெளிநோக்கிய மேடு என்றால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. அதற்கு ரிப்பேர் கிடையாது. உள்ளே டியூப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பேலன்சிங் செய்தும் போகாத அதிர்வு, மெதுவாகப் போகும்போது ஒரே சீரான தட் தட் சத்தம் இருந்தால் உள்ளே எஃகுப் பட்டை பிரிந்திருக்கலாம். டயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பஞ்சர் கடையிலும் இதைக் கேட்டுப் பெற வேண்டும். டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே திரி செருகி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். காற்று இறங்கிய பிறகு ஓட்டிய டயர் என்றால் கழற்றியே ஆக வேண்டும். உள்ளே கறுப்பு ரப்பர் தூள் கொட்டிக் கிடந்தாலோ, சுவரில் சுற்றிலும் தேய்ந்த வளையம் இருந்தாலோ பஞ்சர் போட்டுப் பயனில்லை. பட்டன் நடுவில் 6 மில்லிமீட்டருக்குள் ஓட்டை என்றால் உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காம்பு ஓட்டையை அடைக்க, தலை உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் காளான் வடிவ ஒட்டு) வைக்கலாம். பக்கச்சுவரிலும், பட்டனும் சுவரும் சேரும் தோள்பட்டையிலும் எந்தப் பேட்சும் கூடாது.

மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்குவது எல்லா டயருக்கும் இயல்பு. மற்ற மூன்றும் 1 இறங்கியிருக்க ஒன்று மட்டும் 4 இறங்கியிருந்தால் அங்கே ஆணியோ, வால்வுக் கசிவோ, பள்ளத்தில் வளைந்த ரிம்மோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் காற்று பிடித்துக்கொண்டே இருந்தால் இந்தத் தகவல் அழிந்துபோகும். அதனால் காற்று பிடிக்குமுன் இருந்த அளவைத் தேதியோடு போனில் குறித்து வைப்பது நல்லது.

ஸ்டெப்னியையும் அதே நாளில் அளந்துவிடுங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ கேட்கும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். ஒருநாளும் ஓடாத ஸ்டெப்னிக்கும் வயது ஏறுகிறது. நடுவழியில் புடைப்பைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, நெடுஞ்சாலை ஓரத்தில் அல்லாமல் அருகிலுள்ள பங்க்கிலோ ஓட்டல் வளாகத்திலோ நிறுத்தி மாட்ட வேண்டியது அந்த ஸ்டெப்னியைத்தான்.